முக்குக்கு முக்கு கேமரா இருக்கு, போர்டு எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி டவுன்ல வாகையடி முக்கு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குற வேலையும் பாக்கேன். தெரு முக்குல வைக்குற கேமராவுக்கு யாரு பொறுப்புன்னு தமிழ்ல ஒரு போர்டு வைக்கணும், அதுதான் நான் கேக்க வந்தது. கடிதம் நீளமாத்தான் வந்துட்டு, முடிஞ்சா வெட்டாம போடுங்க, இடம் பத்தலன்னா சாத்தான்குளம் பத்தி எழுதுன பகுதிய மட்டுமாவது விட்ராதீங்க.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்த 2015 ஜூன்ல ஆரம்பிச்சு நாடு முழுக்க 100 ஊர எடுத்தாங்க, நம்ம திருநெல்வேலியும் தூத்துக்குடியும் அதுல உண்டு, 2025 மார்ச் 31-ஓட திட்டம் முடிஞ்சிட்டு. மொத்தம் 8,000-க்கு மேல வேலை, ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல மதிப்புன்னு கணக்கு சொல்லுதாங்க. நமக்கு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட இடிச்சுக் கட்டுனாங்க (அது எத்தன வருஷம் இழுத்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதப் பேசுனா இந்தக் கடிதம் முடியாது), வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுல வேலை நடந்துச்சு, ரோடு போட்டாங்க, லைட்டு மாத்துனாங்க. கட்டடம் நல்லாருக்கா இல்லையான்னு யாரும் போயி பாத்துச் சொல்லிரலாம். ஆனா கட்டடமாத் தெரியாத ஒரு பங்கும் இதுக்குள்ள இருக்குல்லா, கேமரா, சென்சார், வைஃபை, எல்லாத்தையும் ஒரே ரூம்ல உக்காந்து பாக்குற கட்டுப்பாட்டு மையம், அந்த மையம் 100 ஊர்லயும் ஓடுதுன்னு மத்திய அரசே சொல்லிருக்கு. அந்தப் பங்க பத்தித்தான் இங்க யாரும் வாயத் திறக்க மாட்டுக்காங்க.

எங்க தெரு முக்குல ஒரு கம்பம் வந்துட்டு. நீளமா மூணு கேமரா, உருண்டையா ஒண்ணு, இடுப்பு உயரத்துல ஒரு வெள்ளப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு இருக்கு ஆனா பூட்டல, கறுப்பு வயரு சுருட்டித் தொங்குது. உருண்ட கேமரா பாக்குற திசையில மாநகராட்சி தண்ணிக் குழாயும் அதுக்கு நேர் மேல ஒரு வீட்டு மாடியும் இருக்கு, அந்த வீட்டம்மா இப்ப மாடியில துணி காயப்போட வாரதே இல்ல, திண்ணைல கொடி கட்டிட்டாங்க. கம்பம் நட்ட பையங்ககிட்ட இது யாரு வைக்குறதுன்னு கேட்டேன், நாங்க காண்ட்ராக்ட்டு அண்ணாச்சி, நட்டுட்டுப் போயிருவோம்னு சொன்னாங்க. எங்க மண்டல ஆபீஸ்ல கேட்டா போலீஸ் வச்சிருக்கும்ங்காங்க, ஸ்டேஷன்ல கேட்டா மாநகராட்சி வச்சிருக்கும்ங்காங்க, ஒரு ஏட்டையா மட்டும் வெவரமா, வியாபாரிங்க சங்கத்துல ஸ்பான்சர் பண்ணிருப்பாங்க கேட்டுப் பாருங்கன்னாரு, நான் அந்தச் சங்கத்துலதான் இருக்கேன், நாங்க பண்ணல.

இதுல சிரிப்பு என்னன்னா எல்லாருமே அது நல்லதுக்குத்தான்னு உறுதியா சொல்லுதாங்க. யாரு வச்சதுன்னு தெரியாது, எதுக்குன்னு மட்டும் தெரியுமாம்.

நான் கேமராவுக்கு எதிரி கிடையாது. என் கடையிலயே ரெண்டு மாட்டிருக்கேன். செயின் அறுப்பு, பைக் திருட்டுன்னு வந்தா முதல்ல போலீஸ்காரங்க வாரது என்ன மாதிரி கடைக்காரங்ககிட்டதான், அண்ணாச்சி அந்த நேரத்துப் படத்தக் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்கன்னு, நானும் காட்டுதேன். மூன்றாவது கண் மூன்றாவது கண்ணுன்னு தமிழ்நாடு பூரா போலீஸ்ல சொல்லிச் சொல்லி தெருத்தெருவா ஜனங்க காசுலயே கேமரா வச்சாச்சு. என் கடைக் கேமரா என் கடை வாசலத்தான் பாக்கும், வேற யாரு பாக்கணும்னாலும் எங்கிட்ட வந்து கேக்கணும், கொஞ்ச நாள்ல பழைய படம் அழிஞ்சு அது மேலயே புதுசு பதிஞ்சிரும், அதுக்கெல்லாம் பொறுப்பு நான். தெரு முக்குக் கம்பத்துக்கு பொறுப்பு யாரு?

இதச் சொன்னா உடனே ஒரு பதில் வரும், தப்பு பண்ணாதவனுக்கு என்னய்யா பயம், மறைக்க என்ன இருக்குன்னு. எங்க கடைக்கு வந்து ஒரு நாள் சாயங்காலம் சும்மா நின்னு பாருங்க. ஆதார் முன்னயும் பின்னயும் ஒரே பேப்பர்ல, பேங்க் பாஸ்புக், சாதி சர்டிபிகேட், ஸ்கேன் ரிப்போர்ட், டைவர்ஸ் நோட்டீஸ், பொண்ணு ஜாதகம், எல்லாம் கடை வாட்ஸப் நம்பருக்கு வருது, பிரிண்ட் எடுத்துட்டு போயிருதாங்க, ஃபைல் எங்க சிஸ்டத்துல கிடக்கு. நான் ராத்திரி கடை அடைக்குறதுக்கு முன்ன எல்லாத்தையும் அழிச்சிட்டு, வீணாப்போன காப்பிய கிழிச்சுத்தான் போடுதேன், ஆனா எல்லாக் கடையிலயும் அப்பிடியான்னு கேட்டா கிடையாது, பழைய பேப்பர்காரர்கிட்ட கிலோவுக்குப் போட்டுருதாங்க, அது சுத்தி வந்து வடைக்கடையில எண்ணெய் ஒத்துற பேப்பரா வருது. ஒரு தடவ வடை சுத்தி வந்த பேப்பர்ல யாரோ ஒரு பொம்பளப்புள்ளயோட போட்டோவும் அட்ரசும் போன் நம்பரும் முழுசா இருந்துச்சு. அந்தப் புள்ள என்ன தப்பு பண்ணிச்சு?

2022 மே மாசம் ஆதார் ஆணையத்தோட பெங்களூரு ஆபீஸ்ல இருந்து, ஆதார் ஜெராக்ஸ கண்ட எடத்துலயும் குடுக்காதீங்க, கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற மாதிரி இருக்குற காப்பியக் குடுங்கன்னு ஒரு அறிவிப்பு வந்துச்சு. நல்ல விஷயம்தான? ரெண்டே நாள்ல அத வாபஸ் வாங்கிட்டாங்க, ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்களாம். என் பொழப்பே ஆதார் ஜெராக்ஸ்லதான் ஓடுது, இருந்தாலும் சொல்லுதேன், அந்த முதல் அறிவிப்புதான் சரி. கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற ஆதார இப்பவும் டவுன்லோட் பண்ணலாம், கேட்டா நாங்களே எடுத்துக் குடுப்போம், ஆனா ஆபீஸ்ல கொண்டு போயி குடுத்தா முழு நம்பர் தெரியலைன்னு திருப்பி அனுப்பிருதாங்க. ஜவுளிக்கடையில பில்லு போடக்கூட போன் நம்பர் கேக்காங்க, நம்பர் குடுக்கலைன்னா பில்லு வராதுங்கான், அப்பிடி வற்புறுத்தக் கூடாதுன்னு நுகர்வோர் துறை 2023-லயே சொல்லிட்டு, யாரு கேக்கா.

இந்தப் பழக்கத்தோடதான் நாம தெருவுக்குத் தெரு கேமராவ வைக்கோம், அதுதான் என் பயம். கேமராவும் அது பதியுற டப்பாவும் ஒரு கம்ப்யூட்டர்தான், நெட்ல இருந்தா எவனும் கதவத் தட்டிப் பாப்பான், பாஸ்வேர்டு கம்பெனியில போட்டு அனுப்புனதே இருந்தா தட்டவே வேண்டாம். 2016 அக்டோபர்ல அமெரிக்காவுல பெரிய பெரிய வெப்சைட்டெல்லாம் ஒரே நாள்ல படுத்துச்சே, அதுக்கு ஆயுதமா இருந்தது இந்த மாதிரி பாஸ்வேர்டு மாத்தாத கேமராவும் ரெக்கார்டர் டப்பாவும்தான். அது தூரத்துக் கதைன்னா, 2025-ல குஜராத் ராஜ்கோட்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கேமராவுல இருந்து பொம்பளைங்கள டாக்டர் பரிசோதிக்கிற படத்த எடுத்து டெலிகிராம்ல காசுக்கு வித்தாங்க, போலீஸ் புடிச்சு விசாரிச்சா பாஸ்வேர்டு அட்மின்123. எங்க முக்குல பெட்டியே பூட்டாம கிடக்கு, பாஸ்வேர்டு எந்த லட்சணத்துல இருக்குமோ.

சரி, அப்ப டெக்னாலஜியே வேண்டாமான்னு கேப்பீங்க. வேணும். நம்ம ஊருக்குத்தான் ரொம்ப வேணும். 2023 டிசம்பர் 17, 18 மழைய யாரு மறப்பா. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டைன்னு உள்ள புகுந்துட்டு, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு நூத்துக்கணக்கான ஜனங்க மாட்டிக்கிட்டாங்க. அன்னிக்கு நமக்கு இல்லாமப் போனது என்ன? கரண்ட் போச்சு, டவர் பேட்டரி கொஞ்ச நேரந்தான் தாங்கும், அதுக்கப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தணும், டீசல் கொண்டு போற ரோடே இல்ல, ரோட்டோட சேந்து ஃபைபர் கேபிளும் அத்துப் போச்சு. கையில ஆயிரக்கணக்குல காசு குடுத்து வாங்குன போன் இருக்கு, பக்கத்துத் தெருவுல அம்மா உயிரோட இருக்காளான்னு தெரியல. பழைய லேண்ட்லைன் காலத்துல எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில இருந்தே லைனுக்கு கரண்ட் வரும், வீட்டுல கரண்ட் இல்லன்னாலும் மணி அடிக்கும். ஸ்மார்ட் சிட்டின்னு ஒண்ணு இருந்தா அது அந்த ரெண்டு நாள் வேலை செஞ்சிருக்கணும்.

ஆத்துல எவ்ளோ தண்ணி வருதுன்னு பாக்குற சென்சாருக்கு என் மூஞ்சி தேவையா? இல்ல. குப்பைத் தொட்டி நிறைஞ்சிட்டான்னு பாக்க என் ஆதார் வேணுமா? இல்ல. பஸ் எங்க வருதுன்னு காட்ட பஸ்ஸுல ஒரு ஜிபிஎஸ் போதும், பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கிறது யாருன்னு தெரிய வேண்டாம். 2023-ல நம்ம போன்லல்லாம் திடீர்னு ஒரு பயங்கர சத்தத்தோட பேரிடர் டெஸ்ட் மெசேஜ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா, கடையில இருந்த எல்லார் போனும் ஒரே நேரத்துல கத்தி ஒரு பெரியவர் போன கீழயே போட்டுட்டாரு. அது உங்க நம்பர் தெரிஞ்சு வந்ததில்ல. டவர் பொதுவா ஒலிபரப்பும், அந்த எல்லைக்குள்ள இருக்குற போன் எல்லாத்துலயும் விழும், நீங்க யாரு எவருன்னு டவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல.

அதவிட நல்ல உதாரணம் நம்ம டவுன் பஸ்ஸு. 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு சாதாரண கட்டண பஸ்ஸுல ஃப்ரீ. கண்டக்டர் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுக்காரு, அவ்ளோதான், கார்டு கேக்கல, ஓடிபி கேக்கல, எந்த ஊருன்னு கேக்கல. எத்தன பேர் ஏறுனாங்கங்கிற கணக்கு அரசாங்கத்துக்கு வந்துருது, யாரு எங்க போனாங்கங்கிறது யாருக்கும் தெரியாது. கர்நாடகாவுல இதே திட்டத்துக்கு அந்த ஊர்க்காரங்கன்னு அடையாள அட்டை காட்டணும். நம்மாளுங்க செஞ்சதுதான் கெட்டிக்காரத்தனம், அத டெக்னாலஜின்னு யாரும் சொல்ல மாட்டுக்காங்க, ஏன்னா அதுல திரை இல்ல பாருங்க.

இதுக்கு நேர் எதிரா பஸ் ஸ்டாண்டுல ஃப்ரீ வைஃபைன்னு போட்டுருக்குல்லா, போன் நம்பர் போடு, ஓடிபி போடு, ஒத்துக்கிடுதேன்னு டிக் அடி. அந்த டிக்குக்குக் கீழ என்ன எழுதிருக்குன்னு எந்தப் புண்ணியவானும் படிச்சதில்ல, படிக்கலாம்னாலும் பஸ் வந்துரும். பொது வைஃபைக்கு ஆள் அடையாளம் வேணுங்கிறது டெலிகாம் துறை ரூலு, அது புரியுது, ஆனா வாங்குன நம்பர எத்தன நாளு வச்சிருப்பீங்க, வேற யாருக்கும் குடுப்பீங்களான்னு ஒரு வரி தமிழ்ல எழுதிப் போட என்ன கஷ்டம்?

ஒண்ணுக்குன்னு வச்சது இன்னொண்ணுக்குப் போறதுதான் இதுல முக்கியமான சங்கதி. அமெரிக்காவுல சான் டியாகோன்னு ஒரு ஊரு, 2016 வாக்குல தெரு லைட்ட எல்இடியா மாத்துதோம், கரண்ட் மிச்சம், அப்பிடியே டிராஃபிக்கும் எண்ணிக்கலாம்னு சொல்லி 3,000-க்கு மேல லைட்டுக் கம்பத்துல சென்சார் வச்சாங்க. உள்ள கேமராவும் இருந்துச்சு. 2018-ல இருந்து போலீஸ் அந்தப் படத்தக் கேட்டு வாங்க ஆரம்பிச்சிட்டு, ஊர்க்காரங்களுக்கு வெவரம் தெரிஞ்சது அதுக்கப்புறந்தான், பெரிய சண்டையாகி 2020 செப்டம்பர்ல மேயரே நிறுத்தச் சொல்லிட்டாரு. கனடா டொரன்டோவுல கூகுளோட சகோதரக் கம்பெனி ஒண்ணு 2017-ல ஏரிக்கரையில 12 ஏக்கர்ல கனவு நகரம் கட்டுதேன்னு வந்துச்சு, நடைபாதைக்கும் சென்சார், குப்பைக்கும் சென்சார். அதுக்கு பிரைவசி ஆலோசகரா இருந்த அம்மாவே, ஆள அடையாளம் தெரியாதபடி அழிச்சிட்டுத்தான் தகவல வைக்கணும்னு நான் சொன்னத நீங்க எல்லாருக்கும் கட்டாயமாக்க மாட்டீங்கன்னா எனக்கு வேண்டாம்னு 2018-ல ராஜினாமா பண்ணிட்டாங்க, 2020 மே மாசம் கம்பெனியும் மூட்டையக் கட்டிட்டு. படிச்ச ஊரு, பணக்கார ஊரு, அங்கயே கேள்வி கேட்டாத்தான் பதில் வந்துருக்கு.

அடுத்தது முகத்த வச்சு ஆளக் கண்டுபிடிக்கிற ஏஐ. டெல்லி போலீஸ்கிட்ட ஆர்டிஐ-ல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டப்ப, 80 சதவீதம் ஒத்துப்போனா ஆள் அதுதான்னு எடுத்துக்குவோம்னு பதில் குடுத்தாங்க. 80 சதவீதம்! நம்ம ஊர்ல அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க எல்லாம் எத்தன சதவீதம் ஒத்துப்போவாங்க, மாமியார் வீட்டுலயே மாப்பிள்ளையோட தம்பிய மாப்பிள்ளைன்னு நெனச்சு உபசரிச்ச கதையெல்லாம் உண்டு. அமெரிக்கா டெட்ராய்ட்ல 2020 ஜனவரில ஒருத்தர, கடையில வாட்ச் திருடுனது நீதான்னு மெஷின் சொல்லிட்டுன்னு, பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாலயே விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனாங்க, ஆளு அவரே இல்ல. குலசை தசரா சமயத்துல காளி வேஷமும் குரங்கு வேஷமும் கட்டிட்டு ஆயிரக்கணக்குல வருவாங்களே, போலீஸ் வேஷம் கட்டிட்டு காணிக்கை கேக்குறவரு வேற இருப்பாரு, அத்தன பேரையும் அந்த மெஷின் என்னன்னு எழுதி வைக்குமோ தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

தமிழ்நாடு போலீஸும் இந்த முக அடையாள சாஃப்ட்வேர வச்சிருக்கு, 2024 மே மாசம் அந்தப் போர்ட்டலுக்குள்ளயே ஹேக்கர் புகுந்தது செய்தியா வந்துச்சு. இதுல இன்னொரு வெவரம், வீட்டு பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், மூஞ்சியும் விரல் ரேகையும் போனா எதக் கொண்டு மாத்த.

விரல் ரேகைன்னதும் பேட்டை ஆச்சி ஒருத்தங்க ஞாபகம் வருது. சின்ன வயசுல இருந்து பீடி சுத்துறவங்க. ரேஷன் கடையில ரேகை விழலன்னு எங்க கடைக்கு வந்து, ஆதார்ல புதுசா ரேகை வைக்க என்ன செய்யணும்னு கேட்டாங்க. கைய நீட்டிக் காமிச்சாங்க, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி மாதிரி மழமழன்னு இருக்கு, இலைய மடக்கி மடக்கி ரேகையே தேஞ்சிட்டு. "ஏ தம்பி, அம்பது வருசமா அரிசி வாங்குதேன், அங்கன இருக்குற பிள்ளைக்கு என்னயத் தெரியும், ஊருக்கே தெரியும், இந்தச் சவத்து மெஷினு மட்டும் நீ யாருன்னு கேக்கு"ன்னாங்க. கருவிழி மெஷின் வந்துருக்கு ஆச்சி, அதுல பாப்பாங்கன்னேன். கண்ணுல புரை இருக்கே, அது விழுமான்னு கேட்டாங்க. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம்னு பீடி சுத்துற ஜனங்க எத்தன ஆயிரம் பேர் இருக்காங்க நம்ம பக்கத்துல, டெல்லில உக்காந்து மெஷின் வாங்குனவனுக்கு இந்த விரலப் பத்தி என்ன தெரியும்.

இப்ப சாத்தான்குளம். 2020 ஜூன். ஊரடங்கு நேரத்துல செல்போன் கடைய நேரம் தாண்டித் திறந்து வச்சிருந்தாங்கன்னு அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனாங்க, ரெண்டு பேரும் பொணமாத்தான் வந்தாங்க. அந்தக் கேஸ்ல ரெண்டு கேமரா உண்டு, இத நாம எல்லாரும் நல்லா ஞாபகம் வச்சிக்கணும். ஒண்ணு, பக்கத்துக் கடைக் கேமரா. தரையில உருண்டு புரண்டு சண்டை போட்டாங்க, அதுலதான் காயம்னு எஃப்ஐஆர்ல எழுதிருந்தது பொய்யுன்னு நாட்டுக்கே காட்டுனது அந்தக் கடைப் படந்தான். இன்னொண்ணு, ஸ்டேஷனுக்குள்ள இருந்த கேமரா. விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட் ஹைகோர்ட்டுக்கு அனுப்புன அறிக்கையில என்ன எழுதுனாரு? ஹார்டு டிஸ்க் 1 டிபி, போதுமான இடம் இருக்கு, ஆனா அன்னன்னிக்குப் பதிவு அன்னன்னிக்கே தானா அழியுற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்க.

நான் தினம் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவன், எனக்குத் தெரியும், அந்த செட்டிங் தானா வராது. ஒருத்தன் உக்காந்து மெனுவுக்குள்ள போயி தேர்ந்தெடுத்தாத்தான் வரும். ஆக, கேமரா இருக்கா இல்லையாங்கிறது பெரிய கேள்வியே இல்ல, அந்த மெனு யாரு கையில இருக்குங்கிறதுதான் கேள்வி. நம்ம முக்குல இருக்குற கம்பத்துல நம்ம பிள்ளைங்க டியூஷன் போற நேரம் மாசக்கணக்குல பதிஞ்சு கிடக்கலாம், நாளைக்கு நமக்கே ஒரு அநியாயம் நடந்து அந்தப் படம் வேணும்னு போயி நின்னா, அது அழிஞ்சு போச்சுன்னு சொல்லலாம். ரெண்டுமே நடக்கலாம், ரெண்டையும் கேக்க நமக்கு இப்ப வழி இல்ல.

சாத்தான்குளம் நடந்த அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட் வேற ஒரு கேஸ்ல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, நாட்டுல இருக்குற எல்லா போலீஸ் ஸ்டேஷன்லயும் வாசல், லாக்கப், வராண்டா எல்லா எடத்துலயும் கேமரா வைக்கணும், சத்தமும் பதியணும், பதிவ 18 மாசம் வச்சிருக்கணும்னு. எல்லாரும் அதோட நிறுத்திருதாங்க. அந்தத் தீர்ப்புல இன்னொரு வெவரம் இருக்கு. ஸ்டேஷன் வாசல்லயும் உள்ளயும் பெருசா போர்டு வைக்கணும், அந்தந்த ஊர் பாஷையில, இங்க கேமரா இருக்குன்னும், பதிவு குறைஞ்சது இத்தன மாசம் இருக்கும்னும், பாதிக்கப்பட்டவங்களுக்கு அந்தப் பதிவ அழியாம எடுத்து வைக்கச் சொல்லிக் கேக்குற உரிமை உண்டுன்னும், யார்கிட்ட புகார் குடுக்கணும்னும் எழுதணும். சும்மா இது கண்காணிப்புப் பகுதின்னு ஒரு கண்ணு படம் போடுறது இல்ல, உன் உரிமை என்னன்னு எழுதுறது. கேமராவே ஒழுங்கா ஓட மாட்டுக்குன்னு 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே தானா முன்வந்து கேஸ் எடுக்க வேண்டியதாப் போச்சு, அப்ப போர்டோட கதிய நீங்களே பாத்துக்கிடுங்க. போற வழியில இருக்குற ஸ்டேஷன் வாசல்ல இப்பிடி ஒரு போர்டு தமிழ்ல இருக்கான்னு உங்க நிருபர்கள ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்து எழுதச் சொல்லுங்க, அதுவே ஒரு நல்ல செய்தி.

ஸ்டேஷனுக்கு எழுதுன அதே போர்டத்தான் நான் தெரு முக்குக்கும் கேக்கேன். கம்பத்துக்கு ஒரு நம்பர். யாரோடது. என்னத்துக்கு வச்சது. வெறும் படமா, இல்ல முகத்த அடையாளம் பாக்குற சாஃப்ட்வேர் இருக்கா. எத்தன நாள் வச்சிருப்பாங்க. யாரு பாக்கலாம். படம் வேணும்னாலும், என் மாடியப் பாக்குதே திருப்புங்கன்னாலும், யாருக்குப் போன் பண்ணணும். ஒரு தகரத்துல ஏழெட்டு வரி, தமிழ்ல.

சட்டம் இருக்கே, அது பாத்துக்கிடும்னு சிலர் சொல்லுதாங்க. 2017 ஆகஸ்ட் 24-ல சுப்ரீம் கோர்ட் ஒம்போது நீதிபதி உக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னது உண்மைதான். 2023-ல டேட்டா பாதுகாப்புச் சட்டமும் வந்துட்டு, 250 கோடி வரைக்கும் அபராதமாம், கேக்க நல்லாருக்கு. ஆனா அதோட விதிமுறை வந்ததே 2025 நவம்பர்லதான், முக்கியமான பகுதியெல்லாம் அதுக்கப்புறம் 18 மாசம் கழிச்சுத்தான் அமலுக்கு வரும், அதுலயும் மத்திய அரசு நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணம் சொல்லி எந்த அரசுத் துறையையும் இந்தச் சட்டம் இவங்களுக்குப் பொருந்தாதுன்னு சொல்லிரலாம்னு 17-வது பிரிவுல வச்சிருக்காங்க. போதாக்குறைக்கு அதே சட்டத்த வச்சு ஆர்டிஐ சட்டத்துலயும் கைய வச்சாச்சு, தனிநபர் தகவல்னு சொல்லி இன்னும் லேசா பதில் மறுக்கலாம். ஜெராக்ஸ் கடைக்காரன் தப்பு பண்ணா சட்டம் உடனே வரும், கட்டுப்பாட்டு மையம் தப்பு பண்ணா எந்தப் பிரிவுல வரும்னு வக்கீலுங்கதான் சொல்லணும்.

இதுக்கு மேல ஒரு கேள்வி. ஸ்மார்ட் சிட்டி வேலைக்குன்னு ஒவ்வொரு ஊருலயும் தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, மாநில அரசுக்குப் பாதி, மாநகராட்சிக்குப் பாதி. திட்டம் முடிஞ்சிட்டு. கேமரா, சர்வர், அதுல இத்தன வருஷமா பதிஞ்ச தகவல், சாஃப்ட்வேர் ஓட்டுற தனியார் காண்ட்ராக்டர், இதெல்லாம் இப்ப யாரு கணக்குல இருக்கு, மெயின்டெனன்ஸ் காசு எங்க இருந்து வருது, காண்ட்ராக்ட் முடிஞ்சு போறவன் ஹார்டு டிஸ்க்க தூக்கிட்டுப் போறானா, வச்சிட்டுப் போறானா? பஸ் ஸ்டாண்டு கடை ஏலத்துக்கு அவ்ளோ சத்தம் போடுற நம்ம கவுன்சிலர்கள் 55 பேர்ல ஒருத்தராவது இத மன்றக் கூட்டத்துல கேக்கணும். கட்டுப்பாட்டு மையத்துல என்ன பாக்காங்க, எத்தன கேமரா ஓடுது எத்தன செத்துக் கிடக்குன்னு வருஷத்துக்கு ஒரு தடவ மன்றத்துல அறிக்கை வைக்கட்டும், அதுல ஒருத்தர் பேரோ முகமோ வேண்டாம், எண்ணிக்கை போதும். முகம் அடையாளம் பாக்குற சாஃப்ட்வேர நம்ம ஊர்ல போடணும்னா முன்னால மன்றத்துல வச்சு ஓட்டெடுப்பு நடத்தணும்.

எங்க வார்டு கவுன்சிலர்கிட்ட மனு எழுதிக் குடுத்திருக்கேன், பாக்கேன் அண்ணாச்சின்னு வாங்கி வச்சிருக்காங்க. செலவாகும்னு மட்டும் யாரும் சொல்லிர வேண்டாம், எங்க நாலு ரதவீதிக்கும் தேவையான போர்டுக்கு டிசைன் பண்ணி எழுத்து வெட்டித் தர நான் தயார், காசு வேண்டாம். ஃப்ளெக்ஸ் மட்டும் போட்ராதீங்க, ஆனித் தேர் வரும்போது எவனாவது வரவேற்பு பேனர்னு நெனச்சு கிழிச்சிருவான், தகரத்துல பெயிண்ட் அடிங்க. அதுக்கு முன்ன அந்த உருண்ட கேமராவ மட்டும் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்பி, பெட்டியப் பூட்டிட்டுப் போங்க.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
திருநெல்வேலி டவுன்